56 டிகிரியில் அடங்கும் படை

சிஃபிலிஸ் நோய்க்கான வி.டி.ஆர்.எல். சோதனை செய்யும் ஆய்வகங்களில் ஒரு சின்னச் சடங்கு உண்டு. ரத்தத்திலிருந்து பிரித்த வைக்கோல் நிறச் சீரத்தைக் குழாயோடு வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைப்பார்கள். வெளியே எடுத்தால் பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. உள்ளே ஒரு படையே படுத்திருக்கும்.

அந்தப் படையின் பெயர் காம்ப்ளிமெண்ட். பாடநூல் தமிழில் நிரப்புப் புரதங்கள். மொத்தம் 30க்கும் மேல். பெரும்பாலானவை கல்லீரலில் தயாராகின்றன.

சூட்டின் கதை 1890களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்குகிறது. காலராக் கிருமிக்கு எதிர்ப்புசக்தி பெற்ற விலங்கின் சீரம் அந்தக் கிருமிகளைக் கரைத்தது, சூடாக்கினால் கரைக்கவில்லை. பெல்ஜியக்காரரான ஜூல் போர்தே அதோடு விடவில்லை. சூடாக்கிய சீரத்தில், காலராவையே கண்டிராத விலங்கின் புதுச் சீரத்தைக் கொஞ்சம் விட்டார். கிருமிகள் மறுபடி கரைந்தன! அப்படியானால் சீரத்தில் இரண்டு சரக்கு இருக்கிறது: சூடு தாங்கும் எதிர்ப்பொருள் ஒன்று, சூடு தாங்காத இன்னொன்று. இரண்டாவதற்குப் பால் எர்லிக் வைத்த பெயர்தான் காம்ப்ளிமெண்ட். 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு போர்தேவுக்குக் கிடைத்தது.

பெயரில் ஓர் அநியாயம் இருக்கிறது. எதிர்ப்பொருளுக்கு எடுபிடி என்பதுபோல ஒலிக்கிறது. உண்மையில் எதிர்ப்பொருள் வராவிட்டாலும் இந்தப் புரதங்கள் தாமாகவே கிருமியைத் தாக்கும்.

எண்களும் குழப்பம்தான். சி1க்கு அடுத்து வேலைக்கு வருவது சி4, பிறகு சி2, அப்புறம்தான் சி3. வேலை வரிசை தெரிவதற்கு முன்பே எண் போட்டுவிட்டதன் விளைவு.

நடுநாயகம் சி3. அது வெட்டுப்பட்டால் பெரிய துண்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பக்கத்தில் உள்ள பரப்பில் பசையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துண்டு மேலும் பல சி3க்களை வெட்ட வழிசெய்ய, சில நிமிடங்களில் கிருமியின் மேல் பூச்சு படர்ந்துவிடும். வெறும் கிருமியை விழுங்கத் தயங்கும் வெள்ளை அணு, பூச்சு ஏறியதை லபக்கென்று விழுங்கும். இந்தப் பூச்சுக்கு மருத்துவம் வைத்த பெயர், தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சின்னத் துண்டு ரத்தத்தில் மிதந்துபோய் ஆள் திரட்டும். இன்னொரு பக்கம் சி5 முதல் சி9 வரையிலான புரதங்கள் ஒன்றுகூடி, கிருமியின் சவ்வில் குழாய் இறக்கியதுபோல ஓட்டை போடும். நீர் உள்ளே பாய, கிருமி உப்பி வெடிக்கும்.

விஷயம் என்னவென்றால், சி3 எந்த எதிரியும் இல்லாதபோதும் ரத்தத்தில் சிறிது சிறிதாகத் தானே முறுக்கவிழ்ந்துகொண்டிருக்கிறது. நம் அணுக்கள்மீதும் அது ஒட்டும். அதை உடனுக்குடன் முடக்க ஃபேக்டர் எச் என்ற காவல் புரதம் ரத்தத்தில் சுற்றுகிறது. அணுக்களின் மேலேயே சிடி55, சிடி59 போன்ற கவசங்களும் உண்டு. பி.என்.எச். என்ற அரிய நோயில் இவ்விரண்டு கவசங்களும் இல்லாத சிவப்பணுக்கள் உருவாகின்றன. சொந்தப் படையே அவற்றை உடைக்கிறது. காலையில் சிறுநீர் கறுத்துப் போகும்.

2007இல் அமெரிக்காவில் இதற்கு எகுலிசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்றது. அது சி5ஐப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை போடும் வேலை நின்றுவிடும். ஆனால் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸை அடக்க அந்த ஓட்டைதான் முக்கிய ஆயுதம். அதனால் மருந்தைத் தொடங்கக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே அந்தக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியைப் போட்டுவிடுவது வழக்கம்.

அந்தக் கிருமியும் லேசுப்பட்டதல்ல. நம் ஃபேக்டர் எச்சையே பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு, சொந்த அணுபோல நடிக்கும். ஃபேக்டர் எச்சைப் பிடிக்க அது நீட்டும் புரதத்தைத்தான், அதன் பி வகைக்கான தடுப்பூசிகளில் இப்போது சேர்க்கிறார்கள்.