பேத்தி வாசித்த நிலா!

'இளைய நிலா' பாட்டு கேட்காத வீடு உண்டோ? 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பி. பாடியது. அடுத்த வருஷமே 'கலாகார்' இந்திப் படத்தில் கிஷோர் குமார் குரலில் அதே மெட்டு ஒலித்தது. இன்றும் கிடார் பழகும் பிள்ளைகளுக்கு, அதன் ஆரம்ப இசையை வாசித்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை!

செய்யூரில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "பொம்பளப் புள்ளைக்கு கிடார் எதுக்கு? படிப்பு கெட்டுடும்" என்று தடுத்தார் மாமியார். ஒரு சாயங்காலம் பேத்தி தட்டுத்தடுமாறி அந்த இசையை வாசித்தாள். "அட, எங்க காலத்துப் பாட்டாச்சே! இன்னொரு தரம் வாசிடி கண்ணு" என்றார்!

சகோதரிகளே, ஆசைப்படும் குழந்தையைத் தடுக்காதீர்கள். முதலில் விரல் நுனி வலிக்கும். தினமும் கொஞ்ச நேரம் பழகினால் காய்த்து, வலி போய்விடும்.