செல்போன் வந்ததா, சோப்புக் கட்டி வந்ததா?

“அக்கா, பார்சல்!”

வாசலில் இந்தக் குரல் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடுகிறோம். இடுப்பில் குழந்தை இருந்தால் அதுவும் கூடவே வருகிறது. “ஓ.டி.பி. சொல்லுங்கக்கா” என்கிறார் அந்தத் தம்பி. சொல்கிறோம். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் பறந்துவிடுகிறார். பெட்டி அலமாரி மேல் ஏறுகிறது. “அப்பா வரட்டும்டா, அப்புறம் பிரிக்கலாம்” என்று பிள்ளைகளை அடக்கி வைக்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கு ஆசை ஆசையாகப் பிரித்தால், உள்ளே செல்போனுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு!

கட்டுக்கதை இல்லை, சகோதரிகளே. 2018 டிசம்பரில் இந்தி நடிகை சோனாக்ஷி சின்ஹா பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஹெட்போன் ஆர்டர் செய்தார். அழகாக ஒட்டிய பெட்டிக்குள் வந்து சேர்ந்தது ஒரு இரும்புத் துண்டு. நடிகைக்கே இந்தக் கதி! அவர் படம் பிடித்துப் போட்டார், ஊரே பேசியது. சீட்டுப் பணத்தில் பெண்ணுக்கு லேப்டாப் வாங்கித் தருகிற நமக்கு அப்படியா? “உன்னை யாரு ஆன்லைன்ல வாங்கச் சொன்னா?” என்ற ஒரு கேள்வியோடு வீடே நம்மைத் திரும்பிப் பார்க்கும். பணம் போன வருத்தத்தைவிட அந்தக் கேள்விதான் அதிகமாகச் சுடும்.

ஆனால் இதில் ஜெயித்தவர்களும் உண்டு. 2021 அக்டோபரில் கேரளத்தில் ஆலுவாவைச் சேர்ந்த ஒருவர் எழுபதாயிரத்துக்கும் மேல் விலையுள்ள செல்போன் ஒன்றை வரவழைத்தார். பார்சல் வழியில் ஒரு நாள் அதிகமாகத் தங்கியது அவருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது. அதனால் கொண்டுவந்தவர் நிற்கும்போதே, வீடியோ எடுத்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்தவை ஒரு சோப்புக் கட்டியும் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும்! அவர் கூச்சல் போடவில்லை. நேரே சைபர் போலீசுக்குப் போனார். பெட்டி மேல் அச்சாகியிருந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்துப் போலீசார் தேடினார்கள். அந்த போன் ஜார்க்கண்டில் யாரோ ஒருவர் கையில், செப்டம்பர் மாதத்திலிருந்தே, அதாவது இவர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பணம் முழுசாகத் திரும்பி வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, அவர் கையில் சாட்சி இருந்தது. இரண்டாவது, வாசலுக்கு வந்த தம்பிக்கும் அந்தத் திருட்டுக்கும் சம்பந்தமே இல்லை. விற்பவரின் கிடங்கு, லாரி, ஊர் ஊராகச் சாமான் பிரிக்கும் இடம், கடைசியில் நம் தெருவுக்கு வரும் பை என்று ஒரு பெட்டி எத்தனையோ கை மாறி வருகிறது. எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம். சோப்பு, செங்கல் துண்டு இவற்றையெல்லாம் ஏன் வைக்கிறார்கள்? எடைக்காகத்தான். செல்போன் சுமார் 200 கிராம். ஒன்றிரண்டு சோப்பு போட்டால் எடை சரியாகிவிடும். தூக்கிப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது.

ஓ.டி.பி. என்பது கையெழுத்து

நம்மில் பலரும் ஓ.டி.பி.யைக் காலிங்பெல் சத்தம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். வந்தது, சொன்னோம், முடிந்தது என்று. உண்மையில் அது “சாமான் வந்து சேர்ந்தது” என்று நாம் போட்டுக் கொடுக்கும் கையெழுத்து. வங்கியில் பணத்தை எண்ணிப் பார்க்காமல் கவுண்டரை விட்டு நகர்வோமா? இதுவும் அப்படித்தான்.

இப்போது செல்போன், லேப்டாப், டி.வி. போன்ற சாமான்களுக்குப் பெரிய கம்பெனிகள் ‘ஓப்பன் பாக்ஸ் டெலிவரி’ என்று ஒரு வசதி வைத்திருக்கின்றன. கொண்டுவருகிறவரே நம் கண்ணெதிரில் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார். பார்த்து, சரியாக இருந்தால்தான் ஓ.டி.பி. சொல்ல வேண்டும். சோப்போ, உடைந்த சாமானோ இருந்தால் “வேண்டாம் தம்பி, எடுத்துட்டுப் போங்க” என்று அங்கேயே திருப்பிவிடலாம். எல்லா ஊருக்கும், எல்லாச் சாமானுக்கும் இந்த வசதி கிடையாது. ஆர்டர் கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை இருநூறு ரூபாய் கூட இருந்தாலும் இந்த வசதி உள்ள இடத்தில் வாங்குவதுதான் லாபம் என்பது என் கட்சி.

இந்த வசதி இருந்தும் சிலர் அவசரப்படுத்துவார்கள். “அக்கா, இன்னும் நாப்பது பார்சல் இருக்கு, ஓ.டி.பி. சொல்லிடுங்க, நீங்க நிதானமா பிரிச்சுக்குங்க” என்பார்கள். பாவம், அவர் அவசரம் அவருக்கு. ஒரு டம்ளர் மோர் கொடுத்து, “ரெண்டே நிமிஷம் தம்பி” என்று நிற்க வையுங்கள். மோர் செய்கிற வேலையைச் சண்டை செய்யாது!

போனில் கூப்பிட்டு, “மேடம், உங்க பார்சலை கேன்சல் பண்ணணும், ஓ.டி.பி. சொல்லுங்க” என்று யாராவது கேட்டால் மட்டும் மோரும் வேண்டாம், பதிலும் வேண்டாம். சாமான் எதிரில் இல்லாமல் அந்த எண்ணைச் சொல்லவே கூடாது. வீட்டில் இருக்கும் மாமியாருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். “உங்க பையன் ஆர்டர் போட்டிருக்கார், 1,999 ரூபா குடுங்கம்மா” என்று யாருமே கேட்காத பார்சலைத் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் பகல் பதினோரு மணிக்குத்தான் வருவார்கள். அப்போது வீட்டில் பெரியவர்கள்தானே இருப்பார்கள்?

வீடியோ எடுப்பது எப்படி?

ஓப்பன் பாக்ஸ் இல்லையா? அப்போது வீடியோதான் துணை. கையை நீட்டும் முன்பே பெட்டியை ஒரு பார்வை பாருங்கள். கம்பெனி பெயர் அச்சிட்ட டேப் ஒட்டிய பெட்டியில் நடுவில் மட்டும் சாதா செல்லோடேப் இருக்கிறதா? ஓரம் நசுங்கி, ஒரு முறை பிரித்து ஒட்டியது போலப் பிசுபிசுக்கிறதா? வாங்காமல் திருப்பிவிடுங்கள். அது உங்கள் உரிமை. அந்தத் தம்பி கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வாங்கிவிட்டீர்கள் என்றால் உடனே, அவர் படி இறங்குவதற்குள்ளேயே பிரியுங்கள். நேரமில்லையென்றால் பிரிக்கவே பிரிக்காமல் வையுங்கள். பாதி பிரித்துவிட்டு, “அப்புறம் பார்க்கலாம்” என்று விடுவதுதான் வம்பு. பிள்ளைகளில் ஒருவரை போனைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் மூடிய பெட்டியின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டு எழுத்துத் தெரிகிற அளவுக்குப் பக்கத்திலும் படத்தில் வர வேண்டும். பிறகு கத்தரிக்கோல் போடுவதிலிருந்து சாமானைக் கையில் எடுப்பது வரை வீடியோ நடுவில் நிற்கவே கூடாது. நிறுத்தி நிறுத்தி எடுத்தால், “நடுவுல மாத்திட்டீங்க” என்று நம் மேலேயே திருப்புவார்கள். சில சீட்டுகளில் பார்சலின் எடை போட்டிருக்கும். சமையலறைத் தராசில் வைத்து அதையும் படம் பிடியுங்கள். மைதா மாவு நிறுக்கிற தராசு இதற்கும் உதவட்டுமே!

செல்போன் என்றால் இன்னொரு காரியம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று தட்டி, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். பழைய போனைப் புதுப் பெட்டியில் வைத்து அனுப்புகிற சாமர்த்தியம் இதில் வெளிப்பட்டுவிடும்.

போனபின் என்ன செய்வது?

“டெலிவர்ட்” என்று செய்தி வந்துவிட்டது, சாமான் வரவில்லை. இதுவும் நடக்கிறது. முதலில் பக்கத்து வீடு, வாட்ச்மேன், அடுத்த பிளாக்கில் அதே நம்பர் வீடு எல்லாம் கேட்டுப் பாருங்கள். அன்றைய கணக்கை முடிக்க முதல் நாளே “கொடுத்தாச்சு” என்று போட்டுவிட்டு மறுநாள் கொண்டுவருகிறவர்களும் உண்டு. ஆனாலும் புகாரை அன்றைக்கே பதிவு செய்யுங்கள். “யாரிடம் கொடுத்தீர்கள், எந்த நேரம், ஓ.டி.பி. யார் சொன்னது, போட்டோ எங்கே?” என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பார்சல் காணோம் என்றதும் நம் கண் முதலில் எங்கே போகிறது? மாடிப்படி பெருக்குகிற வேலைக்காரம்மாவின் பக்கம்! “காலையில அவதான் இந்தப் பக்கம் வந்தா” என்று யாராவது ஒரு வார்த்தை விட்டால் போதும், நாலு வீட்டில் அவருக்கு வேலை போய்விடும். அப்புறம் அந்தப் பெட்டி வேறு பிளாக்கில் கிடைத்தால் அந்த வார்த்தையை யார் திரும்ப அள்ளுவது? கம்பெனியிடம் மேற்படி நாலு கேள்விக்கும் பதில் வருகிற வரையில் யார் பெயரும் நம் வாயில் வர வேண்டாம்.

கம்பெனிக்குப் புகார் செய்வது அவர்களுடைய ஆப் வழியாக மட்டுமே இருக்கட்டும். கூகுளில் தேடி எடுக்கிற ‘கஸ்டமர் கேர்’ நம்பர்களில் பாதி வலை விரித்தவர்களுடையது. அப்படிச் சிக்கிப் பணத்தை இழந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். நம் புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். “எங்க பாலிசி இல்லை மேடம்” என்று பேச்சை முடிக்கப் பார்த்தால் இந்த விதியை எழுதிக் காட்டுங்கள், தொனி மாறும். மாறவில்லையா? 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கோர்ட், கேஸ் என்று பயந்து பின்வாங்க வேண்டாம். சாமான் 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதென்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். 2025 முதல் ‘இ-ஜாக்ரிதி’ என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கிக்கும் அன்றே எழுதி, அந்தத் தொகைக்கு ஆட்சேபம் தெரிவியுங்கள்.

விலை உயர்ந்த சாமான் என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகத்தான் வேண்டும். பில், வீடியோ, ஐ.எம்.இ.ஐ. எண், கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். எஃப்.ஐ.ஆர். உடனே போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாமானைத் திருப்பி அனுப்பும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். உள்ளே என்ன வைத்தோம் என்று வீடியோ, எடுத்துப் போனவரிடம் ரசீது, இரண்டும் இல்லாமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். நாம் சரியாக அனுப்பியதும் வழியில் சோப்பாக மாறலாம். திருப்புகிற கெடு முடிகிற வரை அட்டைப் பெட்டியையும், முகவரிச் சீட்டையும், ஒட்டின டேப்பையும் பரணில் போட்டு வையுங்கள். பழைய பேப்பர்காரர் அடுத்த மாதமும் வருவார்.