பள்ளிக்கூடமாக இருந்த வேதக்கோயில்



திருவள்ளூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வீரராகவப் பெருமாள் கோயில், பூண்டி ஏரி, காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகள்... இல்லையா? இந்த மாவட்டத்துக் கிராமங்களில் இன்னொன்றையும் பார்க்கலாம். தெருக்கோடியிலும் வயலோரத்திலும் நிற்கும் சின்னஞ்சிறு சர்ச்சுகள். பெரியவர்கள் அதை 'வேதக்கோயில்' என்பார்கள். அவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் மெதடிஸ்ட் சபையார். இந்தச் சின்னக் கட்டடங்களுக்குப் பின்னால் சிலேட்டுக்கும் நிலத்துக்கும் ஏங்கிய மக்களின் கதை இருக்கிறது. கேளுங்கள்!

கேலிப் பெயரே சொந்தப் பெயரானது!

இங்கிலாந்தில் 1703-ல் பிறந்தவர் ஜான் வெஸ்லி. ஆக்ஸ்போர்டில் இருந்தபோது அவரும் நண்பர்களும் ஜெபம், படிப்பு, சிறைக் கைதிகளைப் பார்த்து வருவது என எல்லாவற்றையும் நேரம் தவறாமல் ஒழுங்காகச் செய்தார்கள். மற்ற மாணவர்கள் அவர்களை 'மெதடிஸ்ட்' என்று கிண்டல் செய்தார்கள். 'முறை தவறாத ஆசாமிகள்' என்று பொருள். அந்தக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது!

1742-ல் பிரிஸ்டல் நகரில் ஆலயம் கட்டிய கடனை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. நம் ஊர்ச் சபைகளில், சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கை கொடுப்பார்களே, அதுபோலத்தான்.

சென்னைக்கு வந்த கதை

1813-ம் ஆண்டின் கடைசியில் தாமஸ் கோக் என்பவர் தலைமையில் ஒரு குழு இலங்கைக்குக் கப்பல் ஏறியது. வழியிலேயே, நடுக்கடலில் அவர் இறந்துபோனார். மற்றவர்கள் இலங்கை வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் 1817-ல் சென்னைக்கு வந்து பணியைத் தொடங்கினார்.

1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து மேற்கே ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில்தான் திருவள்ளூர் இருக்கிறது. சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வந்து போவது எளிதாயிற்று.

இக்காட்டுக்கு வந்த கௌடி

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, குளிர்க் கடலில் ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. அங்கே பிறந்தவர் வில்லியம் கௌடி. மெதடிஸ்ட் பாதிரியாரான இவர் 1880-களில் தமிழ்நாட்டுக்கு வந்தார். திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் இக்காடு கிராமத்தில் தங்கினார். இக்காட்டில் பள்ளியும் மருத்துவமனையும் உண்டாயின. சுற்றுக் கிராமங்களில் சிறு ஆலயங்கள் எழும்பின.

ஆலயம் என்றதும் கோபுரத்தை நினைக்காதீர்கள். பெரும்பாலும் மண்சுவர், ஓலைக்கூரை. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆராதனை நடக்கும். திங்கட்கிழமை அதே இடம் பள்ளிக்கூடம்! ஆராதனை நடத்தும் உபதேசியாரே பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்.

அங்கே படித்தது யார்? பண்ணையாட்களின் பிள்ளைகள். தீண்டாமை என்னும் கொடுமையால் மற்றப் பள்ளிகளின் வாசலைக்கூட மிதிக்க முடியாதவர்கள். "எங்கள் ஊருக்கு ஒரு வாத்தியாரை அனுப்புங்கள்" என்று அந்த மக்களே தேடி வந்து கேட்டார்கள்.

கூரை போட இடம் இல்லை!

அதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் கட்ட இடம் வேண்டுமே! பண்ணையாட்களின் குடிசை நின்ற இடம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. பல ஊர்களில் அது மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால், "குடிசையைக் காலி செய்" என்று சொல்லிவிட முடியும். சும்மா கிடக்கும் தரிசு நிலத்தைக் கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டாலும், மிராசுதாருக்கே முதல் உரிமை.

கௌடியும், செங்கல்பட்டுப் பகுதியில் பணிசெய்த ஆடம் ஆண்ட்ரூ என்ற பாதிரியாரும் இந்த அநியாயத்தை விடாமல் எடுத்துச் சொன்னார்கள். அப்போது திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் கலெக்டர் திரமென்ஹீர், அந்த மக்களின் நிலைமையை ஆராய்ந்து 1891-ல் அரசுக்கு விரிவான அறிக்கை அனுப்பினார்.

பலன் கிடைத்தது. 1892-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் 10 ஆண்டுகள் அதை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம். 'பஞ்சமி நிலம்' என்று சொல்வது இதைத்தான்.

பாதிரியார்கள் மட்டும் போராடவில்லை. அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், தம் மக்களின் உரிமைக்காக 1893-ல் பத்திரிகையே தொடங்கினார். ஆணை வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. அந்த நிலங்களில் பல, பிறர் கைக்குப் போய்விட்டன. அவற்றை மீட்டுத் தர வேண்டும் என்ற குரல் இன்றும் கேட்கிறது.

பெயர் மாறியது, மணி மாறவில்லை

'இப்போது பலகையில் மெதடிஸ்ட் என்று இல்லையே?' என்று கேட்பீர்கள். 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றாக இணைந்தன. அதுதான் தென்னிந்தியத் திருச்சபை, சுருக்கமாக சி.எஸ்.ஐ. கௌடி காலத்துச் சபைகளும் அதில் சேர்ந்தன. திருவள்ளூரில் உள்ள சி.எஸ்.ஐ. கௌடி மேல்நிலைப் பள்ளி அவர் பெயரை இன்றும் சொல்கிறது.

அறுப்பின் பண்டிகைக்கு இந்தச் சின்ன ஆலயங்களுக்குப் போய்ப் பாருங்கள். நெல், பூசணிக்காய், வாழைத்தார், கோழி என்று விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டு வந்து படைப்பார்கள். பிறகு ஏலம் விடுவார்கள். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் மட்டுமே அறுத்த கைகள், 'இது எங்கள் விளைச்சல்' என்று கொண்டு வருவது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

குழந்தைகளே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் பழைய பள்ளி, கோயில், மசூதி, சர்ச் எதுவானாலும் சரி, சுவரில் பதித்த கல்லைத் தேடிப் படியுங்கள். அதில் உள்ள ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். "அந்தக் காலத்தில் இங்கே யார் யார் படித்தார்கள்? யாருக்கு இடம் இல்லை?" என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். கல்லில் இல்லாத சரித்திரம் அதில்தான் இருக்கும்!