எழுத்தாளனின் இன்பமும் ஏமாற்றமும்

படிப்போர்க்கு இனிக்கும் நூல், அதனை எழுதியவனுக்கும் இனித்தேயிருக்க வேண்டுமென்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எவ்வளவிற்கு உண்மையென அறிய விரும்புவோர் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் புளோபேரின் வாழ்க்கையிற் சில ஆண்டுகளை நோக்குதல் தகும். எழுதுங்காலத்தில் தம் உள்ளம் பட்ட பாட்டையும் பெற்ற களிப்பையும் அவர் கடிதங்களிற் பதிந்துவைத்தார். அக்கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன.

1849ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். அப்போது அவருக்கு வயது 27. எகிப்தியப் பாலைவனத் துறவியான புனித அந்தோனியாரின் சோதனைகளைப் பொருளாகக் கொண்டு, ஓராண்டுக்கு மேலாக உழைத்து ஒரு பெருநூலை முடித்திருந்தார். நண்பர்கள் லூயி பூயே, மாக்சிம் தியூ காம் ஆகிய இருவரையும் வீட்டிற்கு அழைத்து, நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக நான்கு நாள்கள் அதனை வாசித்துக் காட்டினார். முடியும்வரை இருவரும் வாய் திறத்தலாகாதென்பது உடன்பாடு. முடிந்தபின் அவர்கள் கூறிய தீர்ப்பு, அதனை நெருப்பிலிடுக என்பதே! வருணனைப் பெருக்கில் மயங்கும் இயல்பினர் புளோபேர். ஆகவே அம்மயக்கத்திற்கு இடந்தராத சாதாரண வாழ்க்கைக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறும் நண்பர்கள் கூறினர். நட்பின் பொருட்டுப் பொய் கூறாத நண்பர் வாய்ப்பது அரிது. வாய்த்தபோது அதனைத் தாங்கிக்கொள்வது அதனினும் அரிது. புளோபேர் நூலை எரிக்கவுமில்லை, மறக்கவுமில்லை. கீழைநாட்டுப் பயணமொன்று சென்று மீண்டு, 1851 செப்டெம்பரில் ‘மதாம் பொவாரி’ என்னும் நாவலைத் தொடங்கினார். நாட்டுப்புற வைத்தியன் ஒருவனின் மனைவியைப் பற்றிய கதை அது.

ரூவான் நகரையடுத்து, சேன் நதிக்கரையில் அமைந்தது அவர் வீடு. இரவெல்லாம் எரிந்த அவரது அறை விளக்கை நதியிற் செல்வோர் கலங்கரை விளக்கமாகக் கொண்டனர் என்பர். அவ்விளக்கொளியில் எழுதப்பட்டது எவ்வளவு? ஐந்து நாள் முயன்று ஒரு பக்கம் எழுதியதாக 1853ஆம் ஆண்டுக் கடிதமொன்றிற் கூறுகிறார். அதே கையினால் தோழி லூயிஸ் கொலேக்கு ஓரிரவிற் பல பக்கக் கடிதம் வரைந்தார்! கடிதத்திற்குச் சொற்பஞ்சம் இல்லை. கதைக்கு மாத்திரமே பஞ்சம். காரணம், உரைநடையின் வாக்கியமும் செய்யுளடியைப் போல ஒரு சொல்லையும் மாற்றவியலாதவாறு அமைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. எழுதியவற்றை உரத்த குரலில் வாசிப்பார். ஓசை இடறினால் அடித்துவிடுவார். ஞாயிறுதோறும் பூயே வந்து மேலும் சிலவற்றை அடிப்பிப்பார். அந்நாவலின் வரைவுத்தாள்கள் 4000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. செவி நுண்மையடையுந்தோறும் குறையும் மிகுதியாகக் கேட்கும். எழுத்தாளனின் ஏமாற்றத்தில் ஒரு பகுதி, அவன் திறமை வளர்ந்ததனால் விளைவதே.

இன்பமோ முன்னறிவிப்பின்றி வரும். ஊரில் நடைபெற்ற விவசாயக் கண்காட்சி பற்றிய அத்தியாயத்தோடு மாதக்கணக்காகப் போராடியபின், 1853 டிசெம்பர் 23ஆம் நாள், கதைத் தலைவி தன் காதலனோடு குதிரையேறிக் காட்டினுட் செல்லும் பகுதியை எழுதினார். பிற்பகல் இரண்டு மணிக்கு அமர்ந்தவர், நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குக் கடிதம் எழுதுகிறார். அன்று தாம் ஆணாயும் பெண்ணாயும், குதிரைகளாயும் இலைகளாயும் காற்றாயும் இருந்ததாக அதிற் கூறுகிறார். தம்மைத் தாமே மறந்த அந்நிலைக்கு ஒப்பான இன்பம் வேறில்லையாம். ஆயினும் அக்கடிதத்திலேயே ஓர் அச்சமும் ஒளிந்திருக்கிறது. விடிந்தபின், இப்பக்கங்களைப் படியெடுக்கையில் எத்தகைய ஏமாற்றம் காத்திருக்குமோ என்று அஞ்சுகிறார். இன்பம் வந்த இரவிலேயே ஏமாற்றமும் வாயிலில் நின்றது.

நாவல் 1856இல் முற்றுப்பெற்று ‘பாரிஸ் சஞ்சிகை’யில் வெளிவந்தது. சஞ்சிகையார் தாமாகவே சில பகுதிகளை வெட்டினர். எஞ்சியதும் ஒழுக்கக்கேடானதென அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1857 பெப்ரவரி 7ஆம் நாள் புளோபேர் விடுதலை பெற்றார். ஏப்ரிலில் நூல் வெளியாகி நன்கு விலைபோயிற்று. இலக்கிய நயம் கருதி வாங்கியோர் எத்தனை பேர், வழக்கின் பரபரப்பினால் வாங்கியோர் எத்தனை பேர் என்பதை யார் அறிவர்? வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு நூலின் ஆசிரியராகவே பலராலும் அறியப்பட்டமை அவருக்குக் கசந்தது. 1869இல் வெளிவந்த மற்றொரு பெருநாவலைத் திறனாய்வாளர் பலர் தூற்றினர்.

நெருப்பிலிடச் சொன்ன அந்தோனியார் நூலோ பெட்டியிற் கிடந்தது. அதனை இருமுறை புதிதாக எழுதி, 25 ஆண்டுகளின் பின், 1874இல் வெளியிட்டார். தீர்ப்புக் கூறிய இருவருள் பூயே 1869இலேயே இறந்துவிட்டார். 1880 மே 8ஆம் நாள் புளோபேரும் இறந்தார். எழுதிக்கொண்டிருந்த வேறொரு நாவல் முற்றுப்பெறாமலே நின்றது.