பெரிய கேமை எங்கே போடுவது? சி-யிலா, டி-யிலா?

உங்கள் கணினியில் சி டிரைவ் எஸ்எஸ்டி, டி டிரைவ் ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 அப்போதே 65 ஜிபி கேட்டது. டி-யில் இடம் தாராளம். அங்கேயே போட்டால் என்ன?

போடலாம். லோடிங் முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்! ஏன்?

திருவண்ணாமலை கிரிவலத்துக்கு வாருங்கள். 14 கி.மீ. பாதை, எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி குபேர லிங்கம் வரை வந்துவிட்டீர்கள். “அக்னி லிங்கத்தில் விபூதி வாங்கலையா?” என்கிறார் அம்மா. திரும்பி நடக்கக் கூடாது. வலமாகவேதான் போக வேண்டும். மிச்சப் பாதையை முடித்து மறுபடி தொடங்குங்கள்!

ஹார்ட் டிஸ்க்கின் தட்டும் ஒரே திசையில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால், தவறிய தகவல் துண்டு மறுபடி வர சுமார் 8 மில்லி விநாடி. அற்பம்தானே? கேமோ ஆயிரக்கணக்கான துண்டுகளை அங்குமிங்குமாகக் கேட்கும்.

எஸ்எஸ்டி-யில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை, எல்லாம் சில்லுகள். எட்டு லிங்கத்திலும் ஆள் நிறுத்தி, ஒரே நேரத்தில் போன் போடுவது மாதிரி.

அதற்காக சி-யை முட்ட முட்ட நிரப்பாதீர்கள். விண்டோஸும் அங்கேதான் குடியிருக்கிறது. இப்போது ஆடும் கேம் மட்டும் சி-யில் இருக்கட்டும். ஸ்டீம் என்ற கேம் செயலியில் வாங்கியது என்றால், ஆடி முடித்ததை அதிலேயே டி-க்கு நகர்த்தலாம், மறுபடி டவுன்லோட் வேண்டாம்.