வெள்ளமும் பேறுகாலமும்

2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாளை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. அன்று எனக்கு மூன்று வயது. அம்பர்நாத்தில் எங்கள் தெருவுக்கும் அப்பால் வால்துனி ஆறு கரை மீறி ஓடியது. வேலைக்குப் போன அப்பா தாதரில் அகப்பட்டுக் கொண்டார், ரயில் இல்லை. அன்றிரவுதான் அம்மாவுக்கு இடுப்புவலி கண்டது.

பின்னால் கேட்டறிந்ததைத்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருந்தார். ஊரில் நாலைந்து பேறுகாலம் பார்த்த கை. "பயப்படாத தாயி, நான் இருக்கேன்லா" என்று சொல்லிக்கொண்டே அவர் கேட்ட பொருள்கள் ஐந்து: கைகழுவச் சோப்பு, பிரிக்காத புது பிளேடு, கொதிநீரில் போட்டெடுத்த நூல், துவைத்த பழஞ்சேலை, சாப்பாட்டு மேசைமேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பு. தம்பி பிறந்தான்.

இதை நான் இங்கே சொல்லக் காரணம் உண்டு. வேதியியல் படிக்கப் போன நான், ஒரு நாள் நூலகத்தில் அகதிகள் நலம் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டியபோது திடுக்கிட்டேன். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் போர்முனைக்கும் வெள்ளப் பகுதிக்கும் அனுப்பும் 'தூய பேறுகாலப் பை'யில் உள்ளவை எவை தெரியுமா? சோப்பு, பிளேடு, கொப்பூழ்க்கொடி கட்ட நூல், துணி, பிளாஸ்டிக் விரிப்பு! ஆச்சி ஜெனீவாவுக்குப் போனவர் அல்லர்.

இந்தப் பை வந்த வரலாறு அண்மைக் காலத்தது. நெடுங்காலம் அகதி முகாம் என்றால் உணவு, குடிநீர், கூடாரம், காலரா ஊசி என்பதோடு நின்றார்கள். முகாமில் பெண்கள் கருவுறுவதையும் பிள்ளை பெறுவதையும் அவசரக் காரியமாக எவரும் எண்ணவில்லை. 1994இல் கெய்ரோ நகரில் கூடிய மக்கள்தொகை மாநாடுதான் இடம்பெயர்ந்தோரின் இனப்பெருக்க நலனையும் உரிமையாக ஏற்றது. அடுத்த ஆண்டே ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி ஒரு குழு அமைத்தன. இடர் நேர்ந்தவுடன், கணக்கெடுப்புக்குக் காத்திராமல், செய்ய வேண்டிய குறைந்த அளவுப் பணிகளை அக்குழு வரையறுத்தது. பொறுப்பேற்று எல்லாரையும் ஒருங்கிணைக்க ஓர் அமைப்பு, பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைத் தடுத்தல், நேர்ந்துவிட்டால் மருத்துவம், எச்.ஐ.வி. பரவாமல் காத்தல், தாயும் சேயும் சாகாமல் காத்தல். 2018இல் திருத்தியபோது, விரும்பாத கருவைத் தவிர்ப்பதையும் தனி நோக்கமாகச் சேர்த்தார்கள்.

'கணக்கெடுப்புக்குக் காத்திராமல்' என்றேன் அல்லவா? அங்கேதான் எண்களின் வேலை இருக்கிறது. 10,000 பேர் உள்ள முகாமில் ஏறத்தாழ நாலில் ஒருவர் பிள்ளை பெறும் வயதுப் பெண். ஆண்டுப் பிறப்பு வீதம் நூற்றுக்கு 4 என்று கொண்டால் ஆண்டில் 400 பேறு; மூன்று மாதத்தில் 100. அவற்றுள் 15 பேறு சிக்கலாகும். எவருடைய 15 என்று முன்கூட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. ஆனால் 15 வரும் என்பது உறுதி. ஆகவே மருந்தும் வண்டியும் முன்னதாகவே வந்து நிற்கவேண்டும்.

இந்தக் கணக்கை எங்கள் அடுத்த ரயில் நிலையத்துக்கே போட்டுப் பார்த்தேன். உல்லாஸ்நகர், 1947க்குப் பின் சிந்தி அகதிகள் வந்து தங்கிய பழைய கல்யாண் இராணுவ முகாம். 1949 ஆகஸ்டு 8இல் அதற்கு நகரமென அடிக்கல் நாட்டிப் பெயரிட்டவர் நம் இராஜாஜி, அப்போது கவர்னர் ஜெனரல். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்தியாவின் அக்காலப் பிறப்பு வீதமும் நூற்றுக்கு 4 அளவில்தான். அப்படியானால் நாளொன்றுக்குப் பத்துப் பதினொரு குழந்தைகள்! சிப்பாய்களுக்கென்று கட்டிய கொட்டகைகளில், தடுப்புக்குச் சாக்குத் துணி கட்டிக்கொண்டு. முகாம்களை இன்றும் ஒன்று முதல் ஐந்து வரை எண் சொல்லித்தான் அழைக்கிறோம். ரயிலில் போகும்போது அந்தப் பதினொன்று எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

இனி என் தாயின் கதைக்குத் திரும்புகிறேன். தம்பி பிறந்து நஞ்சு விழுந்த பின் குருதி நிற்கவில்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கும் மேல் குருதி பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் கருப்பைத் தசை இறுகி, நடுவே ஓடும் குழாய்களை நெரித்து மூடவேண்டும். தசை தளர்ந்து கிடந்தால் குழாய்கள் திறந்தே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். மூளைச் சுரப்பியிலிருந்து வரும் ஆக்ஸிடோசின்தான் தசையை இறுகச் செய்வது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு மூலக்கூறு அது. அதை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டியதற்காக தியூ விக்னோ 1955இல் நோபெல் பரிசு பெற்றார். ஆச்சி அடிவயிற்றைப் பிசைந்துகொண்டே குழந்தையை மார்பில் போட்டார். குழந்தை சப்பும்போது தாயின் உடலே ஆக்ஸிடோசினைச் சுரக்கும் என்பது பாடநூல். ஆச்சிக்கு அது பழக்கம்.

ஊசி மருந்தாக வரும் ஆக்ஸிடோசினுக்கு ஒரு குறை: 2 முதல் 8 பாகை குளிரில் வைக்கவேண்டும். மின்சாரம் போன ஊரில் குளிர்பெட்டி ஏது? வெப்பத்தில் மூலக்கூறு சிதைந்து மருந்து வெறும் நீராகும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, அதுதான் கொடுமை. மிசோபிரோஸ்டால் மாத்திரைக்குக் குளிர் வேண்டாம், ஈரம் படாமல் இருந்தால் போதும். வெப்பந்தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தையும் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் ஆராய்ந்து, ஆக்ஸிடோசினுக்குக் குறைந்ததன்று என்று 2018இல் வெளியிட்டது. வேதியியல் படித்து என்ன பயன் என்று கேட்கும் உறவினர்க்கு நான் இதைத்தான் சொல்வது.

அம்மாவை மறுநாள் பிற்பகல் நீர் வடிந்தபின் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். இரண்டு பாட்டில் குருதி ஏற்றிய பிறகே கண் திறந்து பேசினாராம்.

பேறு மட்டுமே பேரிடரில் பெண்ணின் துயர் என்று எண்ணற்க. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் மிகுதி. இரண்டு பிள்ளை போதுமென்று குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மார் பலர், பெற்ற அனைத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றனர். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்குத் தமிழக அரசு பொருளுதவி அளித்தது. கூடாரம் தந்தால் போதும் என்று நினைப்பவர் இதை எண்ணிப் பார்க்கட்டும். முகாமில் கற்பழிப்புக்கு ஆளானவளுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் எல்லை. விளக்கில்லாத கழிப்பறையும் தாழ்ப்பாளில்லாத கதவும் கூட மருத்துவப் பிரச்சினைகளே. இவற்றைப் பேச நாணுகிறோம். கடிகாரம் நாணுவதில்லை.

எங்கள் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். 2019 ஜூலை 27இல் கோலாப்பூர் செல்லும் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ், பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே உல்லாஸ் ஆற்று வெள்ளத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 1,050 பயணிகளைப் படகுகளில் மீட்டனர். அவர்களுள் ஒன்பது பேர் கருவுற்ற பெண்கள். கரையில் 37 மருத்துவர் காத்திருந்தனர், மகப்பேறு மருத்துவரும் அவர்களுள் உண்டு. பதினான்கு ஆண்டுகளில் யாரோ எதையோ கற்றிருக்கிறார்கள்.

இதனினும் மேலானது வெள்ளம் வருமுன் செய்வது. 2024 அக்டோபரில் 'டானா' புயல் கரையேறுமுன் ஒடிசா அரசு பேறுகாலம் நெருங்கிய 4,000க்கும் மேற்பட்ட பெண்களை மருத்துவமனைகளுக்கு மாற்றியது. அவர்களுள் ஏறத்தாழ 1,600 பேர் அங்கேயே பிள்ளை பெற்றனர். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எந்த வீட்டில் எவளுக்கு எத்தனை மாதம் என்ற பட்டியல் கிராமத்து ஆஷா பணியாளர் கையில் இருந்தது.

சென்ற ஆனி மாதம் எங்கள் தெருவில் நானும் அப்படி ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். அம்மா உடன் வந்தார். ஆச்சி ஊருக்குப் போய்விட்டார். நான்கு பேருக்கு மழைக்காலத்தில் நாள் குறித்திருந்தது. அவர்களுள் ஒருத்தி பீகாரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆனவள். மருத்துவமனைச் சீட்டும் இல்லை, மராத்தியும் தெரியாது. அவள் கணவனின் தொலைபேசி எண்ணை அம்மா சுவரில் கரியால் எழுதி வைத்தார்.