ரிஷபகுஞ்சரமும் உயிரணுவின் இரகசியமும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராஜராஜ சோழன் 12-ம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயத்திலே ரிஷபகுஞ்சரம் என்றொரு சிற்பமுண்டு. தலை ஒன்று; உடல் இரண்டு. ஒருபுறத்தை மறைத்தால் காளை. மறுபுறத்தை மறைத்தால் யானை. கல்லின் கோடுகள் மாறுவதில்லை. அவை எவ்வமைப்பிற் சேர்கின்றன என்பதே பொருளை நிர்ணயிக்கிறது.

ஜீவராசிகளின் உயிரணுக்களிலும் இத்தகைய விந்தை நிகழ்கிறது. ஆர்.என்.ஏ. என்னும் இழை நான்கே எழுத்துக்களாலானது. அது தன்மேல் தானே மடிந்து, வளையமாகவும் புடைப்பாகவும் கிளையாகவும் உருக்கொள்ளும். இரட்டைப் புரியாய் முறுக்கிய இடங்களில் எழுத்துக்கள் ஆழ்ந்து குறுகிய பள்ளத்துள் மறைந்து கிடத்தலால், புரதங்கள் அவற்றைப் படித்தறிவது அரிது. ஆகவே பல புரதங்கள் மடிப்பின் உருவத்தையே அடையாளங் காண்கின்றன. இழையின் முதுகு எதிர்மின்னேற்றமுடையது. புரதத்தின் லைசின், ஆர்ஜினின் பகுதிகள் நேர்மின்னேற்றமுடையவை. இதனால் ஈர்ப்பு உண்டாகிறது. எனினும் வடிவம் பொருந்தினாலன்றிப் பிணைப்பு உறுதிப்படாது.

புரதங்களை உற்பத்தி செய்யும் ரைபோசோமே இதற்குத் தக்க சான்று. பாக்டீரியாவில் அதன் சிறு பகுதியானது, சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள ஓர் இழையும் சுமார் 20 புரதங்களும் கொண்டது. எஸ்15 என்னும் புரதம் மூன்று கிளைகள் கூடும் சந்தியைப் பற்றுகிறது. உடனே சந்தியின் அமைப்பு மாறி, எஸ்6, எஸ்18 ஆகிய புரதங்கள் வந்தமர வழி பிறக்கிறது.

இச்சிறு பகுதியின் அணு அமைப்பை 2000-ம் ஆண்டில் வெளிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர், 1952-ல் சிதம்பரத்திற் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் நோபல் பரிசை ஸ்டைட்ஸ், யோனத் இருவருடன் பகிர்ந்து பெற்றார். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் இப்பகுதியிற் சென்று தங்கியே கிருமிகளை அடக்குகின்றன என்பதை அறிந்தோர், இவ்வாராய்ச்சியை வெறும் ஏட்டுக் கல்வி என்று இகழார்.

ஆனால் அவர் இதனைச் சாதித்தது கேம்பிரிட்ஜில். காவிரி நாட்டிற் பிறந்த மேதை கடல் கடந்தே புகழெய்த வேண்டுமா? நம்மவர்க்கு மதி குறைவன்று. 1963-ல் சென்னைச் சர்வகலாசாலையிலிருந்தே ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் மூவர், புரத இழை எக்கோணங்களில் திரும்பவியலும் என்று படம் வரைந்தனர். உலகம் அதனை ஏற்றது. அந்த ராமகிருஷ்ணன் வேறு, இவர் வேறு.

கருவிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் ஜில்லாக் கல்லூரிகளை எட்டவேண்டும். சாஸ்திரம் தமிழிலே பயிலப்படவேண்டும். கல்லிலே இரு உருவங்களை ஒன்றாக்கிக் காட்டிய நாட்டின் மக்களுக்கு இது எட்டாக் கனியன்று. தேசத் தொண்டர்கள் இதனையும் தங்கள் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொள்வார்களென நம்புகிறோம்.